பெயர் சொல்லாத பாடல்

மேனாம்பேட்டில் நம் தெருவில் ஒரு வீட்டின் புதுமனை புகுவிழாவிற்குச் சென்றிருந்தோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்று உழைத்தவர், வங்கிக் கடனும் மனைவியின் நகையுமாகச் சேர்த்துக் கட்டிய மாடி வீடு அது. காலையில் பங்குத் தந்தை வந்து வீட்டை மந்திரித்துச் சென்றார். மாலையில் அக்கம்பக்கத்தார் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். இரண்டு குடும்பங்கள் இசுலாமியர். எதிர்வீட்டு அம்மையார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். தெருவே அவரைப் 'பாட்டு டீச்சர்' என்று அழைக்கும். "டீச்சரம்மா, ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொள்ள, அவர் சற்றே தயங்கி, பின் ஒரு கீர்த்தனையைப் பாடினார்.

இறைவனைத் தந்தையாகவும் தாயாகவும் விளித்து, அவன் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாக எண்ணி வியக்கும் பாடல் அது. எந்தத் தெய்வத்தின் பெயரும் அதில் இல்லை. அனைவரும் கண்மூடிக் கேட்டனர். பாடி முடித்த பின்னர் அவர், "உங்கள் வீட்டில் பாடக்கூடிய பாட்டு எது என்று யோசித்தேன். வேதநாயகம் பிள்ளை பாட்டில் சாமி பேர் வராது. அதனால்தான் இதைப் பாடினேன்" என்றார். அந்த வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. தம் குருவிடம் பல ஆண்டுகளுக்கு முன் கற்றபோது, அவர் ஏதோ ஒரு சைவப் புலவர் என்றே எண்ணிக்கொண்டாராம். அதைவிட நம்மைத் தைத்தது, வீட்டுக்காரருக்கும் அது தெரியாது என்பது. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர் அவர்.

அடுத்த வாரம் நம் அன்பியக் கூட்டத்தில் இதுவே பேச்சாயிற்று. முதியவர் ஒருவர் கடுமையாகச் சொன்னார்: "கிறிஸ்தவன் எழுதிய பாட்டைக் கேட்டும் கிறிஸ்துவின் பெயரை ஒருவரும் அறியவில்லை என்றால், அந்தப் பாட்டினால் வேதத்திற்கு என்ன பயன்?" இளைஞர் ஒருவர் மறுத்தார்: "பெயரைச் சொல்லாமலே பத்துப் பேரை இறைவனை நினைக்க வைத்ததே, அதுவே நற்செய்தி அல்லவா?" இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றியது. இரண்டிலும் ஏதோ குறைவதாகவும் தோன்றியது. எனவே வேதநாயகரின் நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். அப்படிப் படித்ததில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. தமிழ்க் கிறிஸ்தவ உலகில் வேதநாயகர் இருவர் உளர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) லுத்தரன் சபையைச் சார்ந்தவர். சரபோஜி மன்னர் காலத்தவர். நாம் பேசுவது மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பற்றி. இவர் 1826ஆம் ஆண்டு திருச்சிக்கு அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். நீதிமன்ற ஆவணக் காப்பாளராகப் பணியைத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக அமர்ந்தவர். 1889இல் மறைந்தார். பள்ளிப் பாடநூல்களில் இவருக்குக் கிடைத்திருக்கும் இடம், தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர் என்ற ஒரு வரிதான். அதற்கு ஓராண்டு முன்னர் 1878இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யே அவரது நெஞ்சுக்கு நெருக்கமான நூல் என்று நாம் கருதுகிறோம். பாட்டு டீச்சர் பாடியது அந்நூலிலிருந்துதான்.

இந்நூலின் துணிவை உணர, கீர்த்தனை என்ற வடிவத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கீர்த்தனைக்கு உயிர் நாமம். தியாகராசருக்கு இராமநாமம். முத்துசாமி தீட்சிதரோ தலந்தோறும் சென்று, அந்தந்தத் தலத்துத் தெய்வத்தை அந்தந்தப் பெயராலேயே பாடினார். தமிழில் அருணாசலக் கவிராயருக்கு இராமனின் கதை. வேதநாயகரின் காலத்தவரும் நண்பருமான கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து தில்லையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நம் கத்தோலிக்கப் பாடல்களும் இதற்கு விலக்கல்ல. வேளாங்கண்ணி, பூண்டி என்று ஊரைச் சொல்லி அழைத்தால்தான் நமக்கும் நெஞ்சு இளகும். பக்திக்கு ஓர் ஊர் வேண்டும். ஒரு பெயர் வேண்டும். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நாவும் வேண்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று சுழன்று சுழன்று வரும் அந்த அமைப்பே பெயரைச் சொல்லிச் சொல்லித் தித்திக்கச் செய்வதற்காக ஏற்பட்டதுபோல் இருக்கிறது.

அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் நடுவிலிருந்த பெயரை அகற்றிவிட்டார் வேதநாயகர். எளிதான செயலன்று அது. சிலைக்குப் பின்னிருந்த திருவாசியை மட்டும் வைத்துக்கொண்டு வழிபடச் சொல்வது போன்றது. சில கீர்த்தனைகளில் இந்த வெறுமை தெரியவே செய்கிறது. படைத்தவன், காப்பவன், எங்கும் நிறைந்தவன் என்று பண்புகளை அடுக்கிச் செல்லும்போது பாடல் தன் வெப்பத்தை இழந்து, அறிவுரைச் செய்யுளாகி விடுகிறது. இதை மறைப்பதற்கில்லை. அவரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இந்த இடத்தில் மௌனமாகி விடுகின்றனர்.

ஆயினும் நூல் வெறுமையில் நின்றுவிடவில்லை. இறைவனுக்கு ஊர் இல்லாத இந்தப் பாடல்களில் பாடுகிறவனுக்கு ஊர் இருக்கிறது. வீடு இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது, கடனும் நோயும் இருக்கின்றன. கணவன் மனைவியர், பெற்றோர் பிள்ளைகள், அதிகாரிகள், வழக்காடுவோர் எல்லாரும் இந்நூலுக்குள் வந்து போகின்றனர். தாது ஆண்டுப் பஞ்சம் வருகிறது. தலத்தைப் பாடிய வடிவத்தில் தாழ்வாரத்தைப் பாடினார் என்று சொல்லலாம். கோயிலிலிருந்து எடுத்த இசையைக் கச்சேரிக்கும் (இங்கே நாம் சொல்வது நீதிமன்றக் கச்சேரியை) அடுக்களைக்கும் கொண்டுபோனவர் அவர். பெயரை அகற்றியதால் உண்டான இடத்தில் அன்றாட வாழ்வை வைத்தார். நூல் சிறந்து நிற்கும் இடங்கள் இவையே. அருவமான கடவுட் பண்புகளைப் பேசும்போது அவருக்கு வராத உருக்கம், கையூட்டு வாங்கும் உத்தியோகஸ்தனைப் பற்றியும் பசியால் வாடும் குடியானவனைப் பற்றியும் பேசும்போது வந்துவிடுகிறது.

கையூட்டு என்றவுடன் 1859இல் வெளிவந்த அவரது 'நீதிநூல்' நினைவுக்கு வருகிறது. அறநூல் எழுதியோர் தமிழில் பலர். ஆனால் கைக்கூலிக்கென்று தனி அதிகாரம் வகுத்தவர், நாள்தோறும் அந்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தவர் என்பது வேறு செய்தி. முன்சீப்பின் மேசைக்குக் கீழே எவ்வெவை வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைய சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டதும் இவரே. சட்டம் குடிமக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று கருதிய நீதிபதி, இறைவேண்டலும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

இனி முதியவரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். வேதநாயகர் தம் விசுவாசத்தை மறைத்தாரா? மறைத்தார் என்று சொல்வதற்கு நூற்சான்று இடம் தரவில்லை. அவர் தேவமாதா அந்தாதி பாடியிருக்கிறார். திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, பெரியநாயகி அம்மன் பதிகம் ஆகியவற்றைப் பாடியிருக்கிறார். சத்திய வேதக் கீர்த்தனை என்று வெளிப்படையான பெயரிலேயே ஒரு நூலும் செய்திருக்கிறார். கிறிஸ்தவர் என்று அறியப்பட அஞ்சியவர் தேவமாதாவுக்கு அந்தாதி பாடமாட்டார். தம் இல்லத்தாரோடு பாட ஒரு தொகுதியும், ஊராரோடு சேர்ந்து பாட மற்றொரு தொகுதியும் வைத்திருந்தார் என்று கொள்வதே பொருந்தும்.

அவரினும் ஓராண்டு இளையவரான எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளையை (1827–1900) இங்கே ஒப்பிடுவது வழக்கம். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்று, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தைத் தந்தவர் அவர். கம்பனின் நடையில் கிறிஸ்துவைப் பெயர் சொல்லி, மனம் கசிந்து பாடினார். ஒருவர் உரக்கச் சொன்னார், மற்றவர் சொல்லவில்லை என்று ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவது எளிது, நியாயமாகாது. கிருஷ்ணப்பிள்ளை தாம் கண்டடைந்ததைப் பாடினார். கண்டடைந்தவனுக்குப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேதநாயகரோ தாய்ப்பாலோடு பெற்றதை, அதைப் பெறாத நண்பர்களின் நடுவே வாழ்ந்து காட்ட வேண்டியவராக இருந்தார். அவருடைய சிக்கலே நம்முடைய சிக்கலும் ஆகும். மேனாம்பேட்டில் வாழும் நம்மில் பலர் பிறப்பால் கத்தோலிக்கர். புதிதாய்க் கண்டவனின் வியப்பு நம் குரலில் இல்லை.

மேலும் ஒன்று. அவர் நீதிபதி, அதுவும் கிறிஸ்தவர் ஆண்ட அரசின் நீதிபதி. தம் முன்னே கைகட்டி நிற்கும் வழக்காளியிடம் அவர் மதத்தைப் பற்றிப் பேசியிருந்தால், கேட்டவன் தலையாட்டியிருப்பான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு? விசுவாசம் கட்டாயத்தால் விளைவதன்று என்று திருச்சங்கம் 1965இல் சமயச் சுதந்தரம் பற்றிய அறிக்கையில் தெளிவுபடுத்தியது. வேதநாயகர் அதற்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நாற்காலியின் நிழல் தம் நண்பர்கள்மேல் விழாதபடி ஒதுங்கி நின்றார் என்று அவருடைய மௌனத்திற்குப் பொருள் காண்கிறோம். இது நம் ஊகமே. எனினும் அவர் வாழ்க்கை இந்த ஊகத்திற்கு இசைவாகவே இருக்கிறது.

அந்த வாழ்க்கையை நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் சைவர்கள் என்பது சிந்திக்கத்தக்கது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சிவநெறியில் ஊறிய புலவர். தலபுராணங்கள் பாடிக் குவித்தவர். அவர் இந்தக் கத்தோலிக்க முன்சீப்பின்மேல் 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடும் வேதநாயகர் நட்புப் பூண்டிருந்தார். உ.வே. சாமிநாதையர் 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மகாவித்துவானின் சரித்திரத்தில் முன்சீப் வேதநாயகம் பிள்ளை மீண்டும் மீண்டும் வருகிறார். அங்கே அவர் மாற்றுச் சமயத்தாராக விலக்கி நிறுத்தப்படவில்லை. வீட்டு மனிதர்போல் நடமாடுகிறார்.

அதே வட்டத்தில் இன்னொரு கிறிஸ்தவரும் இருந்தார்: மகாவித்துவானின் மாணவர் சவேரிநாத பிள்ளை. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் உயிர் நீத்த வேளையில், அவரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் இந்தச் சவேரிநாதர். அருகில் இருந்து திருவாசகம் வாசித்தவர் சாமிநாதையர். நம் மறைமாவட்டத்தில் பல்சமய உரையாடல் பற்றிக் கருத்தரங்குகள் பல நடத்தியிருக்கிறோம். எந்தக் கருத்தரங்கிலும் இந்தக் காட்சியை எவரும் நினைவூட்டக் கேட்டதில்லை. சாகும் குருவின் தலை ஒரு கிறிஸ்தவ மாணவரின் தாங்கலில் இருந்தது. அங்கே எவரும் எவருக்கும் எதையும் போதிக்கவில்லை. ஆனால் சாமிநாதையர் அதை மறக்கவில்லை, எழுதி வைத்தார்.

அந்த ஆண்டிலேயே தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட பெரும் பஞ்சம். அப்போது வேதநாயகர் தம் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் மனமுருகி அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனாரைப் பாடிய நாவால் பாடப்பெற்ற கத்தோலிக்கர் வேறு எவரும் இருப்பதாக நாம் அறியோம்! அந்தப் பஞ்சத்தின் முடிவில், 1878இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனை அச்சாகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்தே அந்நூலைப் படிக்க வேண்டும். மாயூரத்தில் அப்பாடலைக் கேட்டவன், கஞ்சி வார்த்த கையை அறிந்திருந்தான். அந்தக் கை ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்தில் குவிந்தது என்பதையும் அறிந்திருந்தான். பாட்டில் பெயர் இல்லை. பாடியவன்மேல் பெயர் எழுதியிருந்தது. அன்றைய கேட்போருக்கு அந்தக் கீர்த்தனை மௌனமான பாடலே அன்று.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 டிசம்பர் 8இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய ஊக்கவுரையில் இதற்கு அருமையான விளக்கம் உண்டு. கிறிஸ்தவர் சிலர் தம் அயலாரிடையே அவர்களுடைய இன்ப துன்பங்களில் பங்குகொண்டு வாழும்போது, 'இவர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள்?' என்ற கேள்வி காண்போர் நெஞ்சில் எழுகிறது. அந்த வாழ்வே சொல்லற்ற அறிவிப்பாகிறது என்கிறார் அவர். நம் மேடைகளில் இதுவரை சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவரோ அடுத்த பகுதியிலேயே, அந்தச் சான்றுக்கு உரிய காரணத்தை எடுத்துரைக்காவிட்டால் சிறந்த வாழ்வும் நாளடைவில் பயனற்றுப் போகும் என்று சேர்த்துச் சொல்கிறார். இளைஞருக்கு முதற்பகுதி தெரியும். முதியவருக்கு இரண்டாம் பகுதி தெரியும்.

சொல் எப்போது வர வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, தம் குடும்பத்திற்கு அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் நொந்திருந்தார். உடன் பணியாற்றிய டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருடைய வாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். பின்னர் விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனவர் அவர். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தொடக்கம் என்னவோ, பணியிடத்தில் இரு நண்பர்கள் பேசிய பேச்சுதான். டிலனாய் குருவும் அல்லர், உபதேசியும் அல்லர். நண்பனின் துயரம் ஒரு கதையைக் கேட்டது. அவரிடம் ஒரு கதை இருந்தது. வேதநாயகரின் நண்பர்கள் அவரிடம் தனிமையில் எதைக் கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு ஏதும் நம் கைக்கு எட்டவில்லை. எனவே பாடலை வைத்தே பேச வேண்டியிருக்கிறது.

பாடலை வைத்துப் பேசும்போது ஒரு பெருங்குறையைச் சொல்லாமல் விட இயலாது. பொதுவான கடவுளைப் பாடப் புகுந்ததால் அவர் எதை இழக்க வேண்டியிருந்தது? சிலுவையை இழக்க வேண்டியிருந்தது. படைப்பவனும் காப்பவனும் எல்லாச் சமயத்திற்கும் பொது. பசித்தவனாக, ஆடை இழந்தவனாக, குற்றவாளியாக நீதிபதியின் முன் நின்ற இறைவன் பொதுவானவன் அல்லன். பஞ்சக் காலத்துப் பாடல்களில் இறைவனை நோக்கி முறையிடும் குரல் இருக்கிறது. இரக்கம் காட்ட வேண்டுகிற குரல் இருக்கிறது. பசித்தவனோடு இறைவனும் பட்டினி கிடக்கிறான் என்ற நினைவு அங்கே வர வழியில்லை. கஞ்சித் தொட்டியின் அருகே நின்ற வேதநாயகர் அதை நினைத்திருப்பார் என்று நம்புகிறோம். நாள்தோறும் தீர்ப்புச் சொல்லிய ஒருவருக்குப் பிலாத்துவின் கதை நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? அதை மட்டும் அவர் ஊராரோடு பகிர்ந்துகொள்ளவில்லை. கிறிஸ்தவர் தம் அயலாருக்கு அளிக்கக்கூடிய மிக உரிய செய்தி அதுவாக இருக்க, அதுவே தனித் தொகுதிக்குள் நின்றுபோயிற்று.

இன்னொன்றும் உண்டு. அவரது உலகம் மிராசுதார், உத்தியோகஸ்தர், புலவர் ஆகியோரின் உலகம். பிரதாப முதலியாரும் ஞானாம்பாளும் செல்வக் குடியினர். சமயங்களுக்கிடையே சமரசம் கண்ட அந்தக் கண், சேரியின் பக்கம் அதே கூர்மையோடு திரும்பியதாகத் தெரியவில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது நம் பங்குகளில் பலர் முகம் சுளித்தனர். (மேனாம்பேட்டை ஒட்டியும் கருக்கு என்று ஓர் இடம் உண்டு, அந்தப் பெயரைப் பேருந்து நிறுத்தத்தில் கேட்கும்போதெல்லாம் அந்த நூல் நினைவுக்கு வந்து உறுத்தும்.) பிற சமயத்தாரோடு நட்புப் பாராட்டுவது எளிது, ஒரே பீடத்திலிருந்து நற்கருணை பெறுபவனோடு ஒரே வரிசையில் அமர்வது அரிது என்பதை அந்த நூல் நம் முகத்துக்கு நேரே சொன்னது. அயலார் நம் பாடலை மட்டும் கேட்பதில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியிருக்கிறோமா என்பதையும் பார்க்கிறார்கள்.

இவ்வளவு குறை சொன்ன பின்னும் இந்நூலை நாம் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. குறை பாடலில் ஒரு பங்கு என்றால் நம்மிடம் மூன்று பங்கு. அந்தக் கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன. பாடியவன்மேல் எழுதியிருந்த பெயர் மட்டும் அழிந்துபோயிற்று. 1878இல் மாயூரத்தார் அறிந்திருந்ததை இன்று மேனாம்பேட்டார் அறியவில்லை. அதை அழியவிட்டவர் பாட்டு டீச்சர் அல்லர், நாம்தான். நம் பாடற்குழுக்கள் திருவிழாதோறும் புதுப் புது ஒலிநாடாக்களையும் பின்னர்க் குறுந்தகடுகளையும் வெளியிட்டன. எத்தனை பங்குகளில் வேதநாயகரின் ஒரு கீர்த்தனையேனும் பாடப்பட்டது?

ஆவடியிலிருந்து சென்னை செல்லும் புறநகர் இரயிலில் நாள்தோறும் துண்டுப் பிரசுரம் கொடுப்பவர்களைக் காண்கிறோம். அதில் இயேசுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கொடுப்பவர் யார், அவர் வாழ்வு எத்தகையது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பெரம்பூர் வருவதற்குள் தாள் இருக்கைக்கு அடியில் கிடக்கும். கொடுப்பவரின் ஆர்வத்தை நாம் பழிக்கவில்லை. நமக்கு அந்தத் துணிவு இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தாளில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. வேதநாயகரின் பாடலில் ஆள் இருந்தார், பெயர் இல்லை. இன்றோ அந்த ஆளும் மறைந்து, இனிய இசை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தொழிற்பேட்டையில் 1964 முதல் எத்தனையோ கத்தோலிக்கர் உழைத்து வந்திருக்கின்றனர். ஆயுத பூசையன்று பட்டறையில் தரும் பொரியை வாங்குவதா வேண்டாமா என்று நம் வீடுகளில் நடந்த விவாதங்கள் ஏராளம். அளவில் தவறிய உருப்படியைச் சரியென்று முத்திரையிட மறுத்தது ஏன், உடன் வேலை செய்பவனின் தாய் இறந்தபோது இரவெல்லாம் உடனிருந்தது ஏன், தவக்காலத்து வெள்ளியன்று உணவுப் பொட்டலத்தில் கறி இல்லாதது ஏன் என்று பக்கத்து இயந்திரக்காரர் கேட்கும் நேரமும் வந்திருக்கிறது. "சும்மாதான்" என்று சொல்லி நகர்ந்தவர்களே நம்மில் அதிகம். உள்ளத்திலிருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் கேட்போர்க்கு விடைசொல்ல ஆயத்தமாயிருங்கள், அதையும் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று பேதுரு தம் முதல் திருமுகத்தில் எழுதுகிறார். கேட்கும் முன் சொல்லுங்கள் என்று அவர் எழுதவில்லை. கேட்டபின் மழுப்புங்கள் என்றும் எழுதவில்லை. 2002இல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் நீக்கப்பட்டது. அந்த இடைக்காலத்து அச்சம் நம் நாவில் இன்னும் தங்கியிருக்கிறதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. நண்பனின் கேள்விக்கு நண்பன் விடை சொல்வதை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை.

அன்பியக் கூட்டத்திற்குப் பின் ஒரு மாலை, மாடி வீட்டுக்காரரும் நாமும் எதிர்வீட்டிற்குச் சென்றோம். கையில் சர்வ சமய சமரசக் கீர்த்தனையின் ஒரு படி இருந்தது. வேதநாயகர் யார் என்பதைச் சொன்னோம்; குளத்துக்கோவையைப் பற்றியும் கஞ்சித் தொட்டியைப் பற்றியும் சொன்னோம். அந்த அம்மையார் வெகுநேரம் பேசாமல் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாருக்குமாக இவ்வளவு பாடியவர், தம்முடைய சாமியைப் பெயர் சொல்லிப் பாடியது ஒன்றும் இல்லையா அண்ணா?" என்று கேட்டார்.

தேவமாதா அந்தாதியின் பெயரையும் சத்திய வேதக் கீர்த்தனையின் பெயரையும் சொன்னோம். நூல்கள் கைவசம் இல்லை. நம் பங்கு நூலகத்தில் தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, மாடி வீட்டுக்காரர் இடைமறித்தார். "புத்தகம் கிடைக்கிறபோது கிடைக்கட்டும், டீச்சரம்மா. அந்தச் சாமியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?" என்றார். லேத் பட்டறையில் இருபது ஆண்டுகள் நின்றவர். நம் கூட்டங்களில் ஒரு நாளும் வாய் திறவாதவர். அந்த அம்மையார் உள்ளே திரும்பி, இன்னும் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னார்.